வழியனுப்பும் மேசை

மே 5, திங்கள்

மருத்துவமனைப் பயிற்சி இன்று தொடங்கியது. கல்லூரியில் கொடுத்த சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் ஒரு பெரியவர், "டாக்டரம்மா, சுகர் டெஸ்ட் எங்கீங் எடுக்கறாங்க?" என்று கேட்டார். நான் டாக்டர் இல்லை, மருத்துவமனை நிர்வாகம் படிக்கும் முதல் வருட மாணவி என்று சொல்ல நிறைய வார்த்தைகள் வேண்டியிருந்தன. கையை மட்டும் நீட்டிக் காட்டினேன். அவரும் அந்தப் பக்கம் போனார். அங்கே இருப்பது கேன்டீன் என்று மத்தியானம்தான் தெரிந்தது.

என்னோடு வந்திருப்பவள் நஸ்ரின். என் வகுப்புதான், என்னைவிட ஒரு வயது சின்னவள், நான் பேச வேண்டியதையும் சேர்த்துப் பேசுபவள். எங்களுக்குப் பொறுப்பு ஹெலன் மேடம். வரவேற்பு, பில், டிஸ்சார்ஜ் எல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது.

"நாலு வாரம் இருக்கப் போறீங்க. கடைசியில நான் ரிப்போர்ட் எழுதணும். பேஷன்ட்கிட்ட வாயத் திறக்காத பிள்ளைக்கு நல்ல ரிப்போர்ட் என்கிட்ட கிடைக்காது. இப்பவே சொல்லிட்டேன்" என்றார். பொதுவாகச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பார்த்தது என்னை மட்டும்தான்.

ரிப்போர்ட் சரியில்லை என்றால் இரண்டாம் வருடத்துக்குப் போக முடியாது. அம்மா எனக்கு ஒரு வருடம்தான் கொடுத்திருக்கிறாள். அதற்குள் ஆகாவிட்டால், அவள் தைக்கும் பனியன் கம்பெனிக்கே நானும் திரும்பிவிட வேண்டும் என்று பேச்சு. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு அங்கே செக்கிங் டேபிளில் நின்றவள்தான் நான். பத்தாவதும் பன்னிரண்டாவதும் வேலை பார்த்துக்கொண்டே தனியாக எழுதினேன். செக்கிங் டேபிளில் யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள். துணியில் ஓட்டை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும்.

மே 7, புதன்

புதன்கிழமை எனக்குப் பிடிக்காது. ஒன்பதாவதில் புதன்கிழமைதான் எழுந்து நின்று வாய்விட்டு வாசிக்கும் பீரியட். மற்றபடி காரணம் எதுவும் இல்லை.

குழாயில் தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் நிரப்பிவிட்டுப் போனதில் பஸ் தவறிவிட்டது.

மே 8, வியாழன்

இன்று டிஸ்சார்ஜ் எப்படி நடக்கிறது என்று பார்த்தேன். டாக்டர் காலையில் ரவுண்ட்ஸ் வந்து, "நீங்க வீட்டுக்குப் போலாம்" என்கிறார். நோயாளி உடனே செருப்பைத் தேடுகிறார். ஆனால் அதற்கப்புறம்தான் சுருக்க அறிக்கை தட்டச்சாக வேண்டும், மிஞ்சிய மருந்து பார்மசிக்குத் திரும்ப வேண்டும், இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒப்புதல் அனுப்ப வேண்டும், பில் முடிய வேண்டும். அதுவரை அவர் கட்டிலில்தான் இருப்பார். அந்தக் கட்டிலுக்காகக் கீழே அவசரப் பிரிவில் ஒருவர் ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பார். மேலே இருப்பவர் இறங்கினால்தான் கீழே இருப்பவர் ஏற முடியும். பாடத்தில் இதை அம்புக்குறி போட்டுப் படித்தபோது இவ்வளவு கவலையாக இல்லை.

இதையே என் ப்ராஜெக்ட்டாக எடுத்துக்கொள்ளச் சொன்னார் ஹெலன் மேடம். எனக்கு ஒன்று விளங்கவில்லை. பில் எல்லாம் முடிந்த பிறகும் சிலர் பையைக் கட்டி வைத்துக்கொண்டு அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்கலாம். கேட்கவில்லை.

மே 10, சனி

சாப்பிடும்போது ஹெலன் மேடம் கேட்டார். "நல்லாத்தானே படிக்கிற? ஒன்பதாவதுல எதுக்கு நின்ன?"

"அம்மாவுக்கு இடுப்பு வலி மேடம்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "எனக்கு இடுப்பு புடிச்சது நீ கம்பெனிக்கு வந்ததுக்கு மறு வருசமல்லோ கண்ணு?" என்றாள்.

அம்மாவுக்கு வருடக் கணக்கு எப்போதும் குழம்பும்.

மே 12, திங்கள்

டிஸ்சார்ஜ் மேசையில் இருப்பவர் சிந்து அக்கா. மேசைக் கண்ணாடிக்கு அடியில் தலைமை அலுவலகம் அனுப்பிய அட்டை ஒன்று இருக்கிறது. வீட்டுக்குப் போகும் நோயாளியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. சிந்து அக்கா அதைப் பாட்டு மாதிரிச் சொல்கிறார். "தேங்க்யூ ஸார், டேக் கேர், விசிட் அகெய்ன்!" எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள்.

வெள்ளிக்கிழமை சிந்து அக்கா குலதெய்வம் கோயிலுக்குப் போகிறாராம், கிடா வெட்டு. அன்றைக்கு அந்த மேசையில் நான் உட்கார வேண்டும். நஸ்ரினை உட்கார வைக்கலாமே என்று சொல்லப் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஹெலன் மேடம் லிப்டில் போய்விட்டார்.

மே 15, வியாழன்

கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எனக்கு வரவில்லை. 'விசிட்' என்ற இடத்தில் நாக்கு நின்றுவிடுகிறது. அதனால் தமிழிலேயே சொல்வது என்று முடிவு செய்தேன். தமிழில் மரியாதையாகவும் இருக்கும், நோயாளிகளுக்கும் புரியும். பஸ்ஸில் மனதுக்குள் சொன்னேன். கொடியில் துணி காயப் போடும்போது வாய்விட்டுச் சொன்னேன். உள்ளேயிருந்து அம்மா, "ஆரை வரச் சொல்லீட்டு இருக்கறே?" என்று கேட்டாள். யாரையும் இல்லை என்றேன்.

நாளை எப்படியும் சொல்லிவிடுவேன். சத்தமாகச் சொல்வேன்.

மே 16, வெள்ளி

சொன்னேன். நாளைக்கு எழுதுகிறேன்.

மே 17, சனி

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நேற்றுக் காலையில் முதலாவதாக வந்தது அறை 204. பழனிச்சாமி என்று பெயர், சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கிறார். நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். கூட அவர் மனைவி ராமாத்தாள், பை தூக்கிக்கொண்டு மகன். பத்தரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று ராமாத்தாள் விடியற்காலையிலிருந்தே நர்சுகளை விரட்டியிருக்கிறார். எல்லாம் முடிந்து மேசைக்கு வந்தபோது நேரம் மிச்சம் இருந்தது. மூன்று பேர் முகத்திலும் சந்தோஷம்.

நான் எழுந்து நின்றேன். கை கூப்பினேன். ஒரு சொல்கூடத் தடுக்காமல் சொன்னேன்.

"ரொம்ப நன்றிங்க. உடம்பைப் பாத்துக்கங்க. மறுபடியும் வாங்க."

ராமாத்தாள் நின்றுவிட்டார். "ஏனுங் அம்மிணி, என்ன சொன்னீங்? இன்னொருக்காச் சொல்லுங்."

என் குரல்தான் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். எப்போதும் அப்படித்தான் நடக்கும். அதனால் இன்னும் பலமாகச் சொன்னேன். "மறுபடியும் வாங்க!"

அவர் கையிலிருந்த வெந்நீர் பிளாஸ்க்கை என் மேசைமேல் வைத்தார். "நெஞ்சு வலிச்சு வந்த மனுசன், பொழச்சு வீட்டுக்குப் போற நேரத்துல, ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் வாங்கறியே! என்ன வார்த்தை சொல்லிப்போட்டே தாயி! அதும் ரெண்டு தாட்டி!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் யாருமே 'போயிட்டு வரேன்' என்று சொல்வதில்லை. நானே அம்மாவை ஒருமுறை கூட்டிக்கொண்டு போனபோது சொல்லாமல்தான் இறங்கி வந்தோம். ஆங்கிலத்தில் இருந்தவரை அந்த அட்டை யாரையும் ஒன்றும் செய்யவில்லை. நான்தான் அதைத் தமிழாக்கி, தெளிவாகச் சொல்லி, ராமாத்தாள் கேட்டதும் திருப்பியும் சொல்லிவிட்டேன்.

"இந்த வார்த்தையோட வாசலத் தாண்ட மாட்டேன். ஏப்பா, பையத் தூக்கு" என்று ராமாத்தாள் மறுபடி லிப்டில் ஏறினார். மூன்று பேரும் 204-க்கே போய்விட்டார்கள். அதற்குள் ராகு காலமும் பிடித்துக்கொண்டது.

அந்த அறைக்காக அவசரப் பிரிவில் ஒரு பெண் காத்திருந்தாள். டெங்கு காய்ச்சல், ஸ்ட்ரெச்சரிலேயே சுருண்டு படுத்திருந்தாள். வேறு கட்டில் எதுவும் காலியில்லை. ஹெலன் மேடம் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ விட்ட வார்த்தை. நீயே போய் எடுத்துட்டு வா."

204-க்குப் போய்க் கதவருகே நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரியும். கண்ணீர்தான் வந்தது. ராமாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழனிச்சாமி ஐயாதான் சிரித்தார்.

"உடு புள்ள. அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாரு. எனக்கு அட்டாக் வந்தப்பக்கூட நானு இப்படி ஆகலே."

"நீங்க சும்மா இருங். உங்களுக்கு எல்லாமே சிரிப்புத்தான்" என்றார் ராமாத்தாள். என் பக்கம் திரும்பினார். பிறகு, "ஏங்கண்ணு, அழுகாதே. நாங்க பன்னெண்டு மணிக்கு மேல கீழ வருவோம். நீ வாசல் வரைக்கும் வந்து எங்களத் திட்டி முடுக்கி உடோணும். இந்தப் பக்கமே வரப்படாதுன்னு சொல்லோணும். எனக்குக் கேக்கோணும், அங்க இருக்கற பிள்ளையாருக்கும் கேக்கோணும். அப்பத்தான் போவேன்" என்றார்.

நஸ்ரினிடம் ஓடினேன். "அடியே, திட்டறதெல்லாம் ஒரு வேலையா? நான் வேணா வந்து திட்டட்டுமா?" என்றாள். சொன்னவள்தான் எடுக்க வேண்டும், வேறு யாரும் எடுத்தால் செல்லாது என்று ராமாத்தாள் சொல்லிவிட்டார்.

பன்னிரண்டுக்கு மேல் இறங்கி வந்தார்கள். புறநோயாளிகள் கூடம் நிறைந்திருந்தது. வாசல் பிள்ளையார் பக்கத்தில் நின்று நான் சொன்னேன். "இனிமே வராதீங்க."

"கேக்கலீங்."

"இனிமே... இங்க வரக்கூடாது."

"பிள்ளையாரே காதுல கை வெச்சுக் கேக்கறாரு பாரு" என்றார் பழனிச்சாமி ஐயா.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். "போங்க! எந்திரிச்சுப் போங்க இங்கிருந்து! இனிமே இந்தப் படியில கால் வெச்சீங்கன்னா பாருங்க! உங்க மூஞ்சியவே இங்க காட்டக் கூடாது! போங்க!"

கண்ணைத் திறந்தபோது கூடமே என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் எழுந்து நின்றிருந்தார். ஒரு மருந்துக் கம்பெனி ரெப் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துப் பையோடு வெளியே போய்க்கொண்டிருந்தார். ராமாத்தாள் மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அப்புறம் திரும்பிப் பார்க்காமல், ஒரு வார்த்தையும் பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணை 204-க்கு ஏற்றினார்கள். நான் போய்த் தண்ணீர் குடித்தேன். தொண்டை எரிந்தது. அந்த எரிச்சல் புதிதாக இருந்தது.

மே 19, திங்கள்

வெள்ளிக்கிழமை கூடத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் இருந்திருக்கிறார். பயிற்சி மாணவி ஒருத்தி நோயாளியைக் கத்தி விரட்டினாள் என்று எழுதி அனுப்பிவிட்டார். விளக்கம் வேண்டுமாம். கல்லூரிக்கும் தகவல் போயிருக்கிறது. துறைத்தலைவர் போனில், "கௌசிகா, உன் குரலை நான் கேட்டதே இல்லியேம்மா, நீயா?" என்று மூன்று முறை கேட்டார். ஆமாம் என்றேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

முடிவு தெரியும் வரை நான் மேசைப் பக்கம் வரக் கூடாது. துணி அறையில் படுக்கை விரிப்புகளைச் சரிபார்க்கிறேன். ஓட்டை இருந்தால் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும்.

மே 20, செவ்வாய்

அம்மாவிடம் சொல்லவில்லை. பனியன் கம்பெனி சூப்பர்வைசர் என்னைப் பற்றிக் கேட்டாராம். "டேபிள்ல ஆள் பத்தலையாமா, உன்ற புள்ள எப்ப வருதுன்னாரு" என்றாள். பரீட்சை முடியட்டும் என்றேன்.

வெயில் தாங்கவில்லை. கோட்டைத் துவைத்துப் போட்டேன், பக்கெட்டைக் கழுவி வைப்பதற்குள் காய்ந்துவிட்டது.

மே 22, வியாழன்

நஸ்ரின் துணி அறைக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"கௌசி, உன்னைத் தேடறாங்கடி! மூணாவது மாடி பேஷன்ட், ஒரு வயசான ஆயா, அந்தத் திட்டி அனுப்பற புள்ள எங்கன்னு கேக்குது. சோமனூர்க்காரங்க சொந்தமாம். அந்தப் புள்ள திட்டினாத்தான் கெளம்புவேங்குது."

போகக் கூடாது என்று உத்தரவு இருக்கிறதே என்றேன். அவள் ஹெலன் மேடத்திடம் போனாள். மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டாராம். கடைசியில், "பின்வாசல் வழியா கூட்டிட்டுப் போய்த் திட்டச் சொல்லு. மெதுவா" என்றாராம்.

மெதுவாகத் திட்ட எனக்கு வரவில்லை. ஆயா பத்து ரூபாய் கொடுத்தது. வாங்கவில்லை.

துணி அறைக்குத் திரும்பும் வழியில் ஒன்று செய்தேன். பை கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்திடம் நின்று, "எப்பக் கெளம்பறீங்க?" என்று கேட்டேன். "மூணு மணி வரைக்கும் ராகு காலமுங். அது போகட்டுமுன்னு இருக்கறோம்" என்றார்கள். பக்கத்து அறையிலும் கேட்டேன். அங்கே நவமி. இவ்வளவு நாள் நான் கேட்காமல் விட்டது இதைத்தான்.

மே 26, திங்கள்

தலைமை அலுவலகத்துக்காரர் விசாரிக்க வந்தார். நாகராஜன் என்று பெயர், கோயமுத்தூர். ஹெலன் மேடம் அறையில் என்னை நிற்க வைத்தார்கள்.

"எதுக்கும்மா கத்துன?"

என்னால் பேச முடியவில்லை. ஹெலன் மேடமும் பேசவில்லை. அவர் எனக்காகப் பேசுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி யாரும் பேசப் போவதில்லை என்று புரிந்தபோது, நானே சொன்னேன். அட்டையில் இருந்ததைத் தமிழில் சொன்னது, அவர்கள் மேலே ஏறியது, கீழே அந்தப் பெண் படுத்திருந்தது, ராமாத்தாள் கேட்டது, எல்லாம். நடுவில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். அவசரப்படுத்தாமல் இருந்தார்கள்.

நாகராஜன் ஸார் பேனாவை மூடினார். "எங்கப்பாவை டிஸ்சார்ஜ் பண்ணினப்போ, திரும்பிப் பாக்காம நடடான்னு எங்கம்மா என் முதுகுலயே ஒண்ணு வெச்சாங்க" என்றார். அப்புறம் ஹெலன் மேடத்திடம், "அந்த அட்டை எழுதுனது யாரு மேடம்?"

"உங்க ஆபீஸ்தான் ஸார்."

"அப்ப நான் பாத்துக்கறேன். அந்த விசிட் அகெய்னை எடுத்துருங்க."

வெளியே வந்ததும் ஹெலன் மேடத்திடம், "நீங்க ஒண்ணுமே சொல்லலையே மேடம்" என்றேன். கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது.

"நான் சொல்லியிருந்தா உன் ரிப்போர்ட்ல நான் என்னத்த எழுதறது?" என்று கேட்டுவிட்டு லிப்டில் போய்விட்டார்.

மே 30, வெள்ளி

பயிற்சி முடிந்தது. மூடிய கவரில் ரிப்போர்ட் கல்லூரிக்குப் போய்விட்டது. என்ன எழுதினார் என்று தெரியாது. இனி வைவா, வாய்மொழித் தேர்வு. ஜூன் 4. புதன்கிழமை. வேறு கிழமையே இல்லையா.

ஜூன் 2, திங்கள்

படித்தேன். சோறு குழைந்துவிட்டது.

ஜூன் 4, புதன்

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடி. முதல் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார். எழுந்து நின்றேன். மேசை, சுவர், எல்லாம் அந்தப் பழைய ஒன்பதாவது வகுப்பறை மாதிரியே ஆகிவிட்டன. பின்வரிசையில் சிரிக்க யாரும் இல்லை என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன்.

"யாரைத் தேடற? தமிழ்லயே சொல்லும்மா. பில் முடிஞ்சும் கட்டில் ஏன் காலியாகலைன்னு எழுதியிருக்க?"

"ராகு காலம், மேடம்."

"சத்தமாச் சொல்லு."

"ராகு காலம் மேடம்!" வெளியிலிருந்த பியூன் எட்டிப் பார்த்தார்.

மூவரும் சிரித்தார்கள். அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

"சரி, நீ மேனேஜர்னு வெச்சுக்க. ராகு காலத்தை மாத்துவியா?"

"அதை மாத்த முடியாதுங்க மேடம். ரவுண்ட்ஸை மாத்தலாம். எப்பக் கெளம்பறீங்கன்னு முந்தின நாளே அவங்ககிட்டக் கேட்டுட்டா, யாருக்கு முதல்ல கையெழுத்து வேணும்னு டாக்டருக்குச் சொல்லிரலாம்."

"கேட்டா சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்க. நாமதான் கேக்கறதில்லைங்க."

அவர் ஏதோ எழுதினார். அடுத்து எவ்வளவோ கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். வெளியே வந்தபோது முதுகெல்லாம் நனைந்திருந்தது. நஸ்ரின் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தாள். இரண்டு கிளாஸ் குடித்தேன்.

ஜூன் 16, திங்கள்

முடிவு வந்துவிட்டது. எல்லாத் தாளிலும் தேர்ச்சி. பயிற்சியிலும்.

அம்மா ஷிப்டு முடிந்து வரும்வரை வாசலிலேயே நின்றேன். சொன்னதும் உள்ளே போய் முகம் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். வெளியே வந்து, "சூப்பர்வைசர்கிட்ட அந்த டேபிளுக்கு வேற ஆளப் போட்டுக்கச் சொல்லீர்றேன்" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் முட்டை வாங்கி வரச் சொன்னாள்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் நஸ்ரின் போன் செய்தாள். இரண்டாம் வருடத்தில் என்னென்ன பாடம், யார் எடுப்பார்கள், மருத்துவச் சட்டம் கஷ்டமா, வைவாவில் அந்த அம்மா என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், நாகராஜன் ஸார் முதுகில் வாங்கியது, பழனிச்சாமி ஐயா பிள்ளையாரைச் சொன்னது, மருந்து ரெப் ஓடியது, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டிலில் படுத்திருந்த அம்மா புரண்டு படுத்து, "போதும் நிறுத்து சாமி. காது வலிக்குது. கொஞ்ச நேரம் வாய வெச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டியா?" என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.